வராத தொழிற்சாலைக்கு நாற்பது சட்டைகள்

ஆண்களின் சட்டையில் அடி விளிம்பை மடித்துத் தைக்க எனக்குத் தெரியும். அது மட்டும்தான் தெரியும். கை பொருத்தத் தெரியாது, கொலர் தெரியாது, பொத்தான் ஓட்டை போடத் தெரியாது. அரசாங்கம் ஆறு மாதம் செலவழித்து எனக்குக் கற்றுத்தந்தது அவ்வளவுதான். அந்த ஆறு மாதத்தில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் முதலிலிருந்து சொல்ல நான் எப்போதும் தயார். ஆனால் சொல்லி முடிக்கும்போது கேட்டவரும் என்னைப்போலவே குழம்பிப் போயிருப்பார் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளின் கடைசி. நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டோம், இனிமேல் வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் வரிசையாக வரும் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்த காலம். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் வீடு. அப்பா புதுக்கடையில் ஒரு வழக்கறிஞரிடம் கிளாக்கராக இருந்தார். எனக்குப் பல்கலைக்கழகம் கிடைக்கவில்லை. அப்பா தன் வழக்கறிஞரிடம் பேசி, அதே கந்தோரில் தட்டச்சு செய்யும் இடமொன்றை எனக்காக ஒழுங்கு செய்து வைத்திருந்தார். அப்பாவின் கண்பார்வையில் எட்டு மணிநேரம் உட்கார்ந்து தட்டுவதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. அந்த நேரத்தில்தான் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். புதிதாக வரவிருக்கும் சட்டைத் தொழிற்சாலைக்கு நாற்பது பெண்கள் தேவை, ஆறு மாதம் அரசாங்கமே பயிற்சி கொடுக்கும், முடிந்ததும் வேலை, மூன்று மொழியும் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நல்லது.

அந்த ஒருவர் நான்தான் என்று எனக்கு உடனே தோன்றிவிட்டது. ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்தது, சிங்களம் காலி வீதிக் கடைகளில் படித்தது.

"மெஷின் மிதிக்கப் போறியோ? இங்கிலீசு படிப்பிச்சது இதுக்கோ?" என்றார் அப்பா.

"மிதிக்கிறேல்லை அப்பா. கறண்டில ஓடுறது."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. இரண்டு நாள் கழித்து, சாப்பிட்டுக் கை கழுவும்போது, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னார். "லோயர் ஆறு மாசம் வரைக்கும் உன்ர கதிரையை வெறுமையா வைச்சிருக்கிறாராம். அதுக்கு மேல ஒரு நாளும் இல்லை. பிறகு வந்து என்னைக் கேக்கக்கூடாது." நான் கேட்க மாட்டேன் என்று வீராப்பாகச் சொன்னேன்.

பயிற்சி நிலையம் கொட்டாஞ்சேனையில், முன்பு வெங்காயமும் செத்தல் மிளகாயும் அடுக்கியிருந்த ஒரு பழைய களஞ்சியத்தில் இருந்தது. சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்களே தவிர மிளகாய் நெடி போகவில்லை. முதல் நாள் நாற்பது பேரும் தும்மிக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் சிங்களம். வெளிநாட்டுத் தொழில்களை அழைத்துவரும் அரசாங்கக் கந்தோரிலிருந்து ஒரு ஐயா வந்து பேசினார். தமிழர், எங்கள் வெள்ளவத்தைக்காரர்தான். காலைக் கோச்சியில், அந்த ரயில் நெரிசலில், நான் பலமுறை கண்ட முகம். பேசி முடித்துவிட்டு, ஒரு பக்கத் தாளொன்றை என்னிடம் தந்து, அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்.

என் குழப்பம் அந்தத் தாளிலேயே தொடங்கியது. வருகிற கம்பனிக்குப் பத்து வருடம் வரி கிடையாது. மெஷின் இறக்க அனுமதிப் பணம் கிடையாது. காணி பெயருக்கு ஒரு வாடகையில். வேலைக்குச் சேர்க்கும் பெண்களின் முதல் வருடச் சம்பளத்தில் ஒரு பகுதியை அரசாங்கமே கொடுக்கும். அதன்கீழே தயாராக இருக்கும் வசதிகள் என்றொரு வரிசை: தண்ணீர், மின்சாரம், பயிற்சி பெற்ற பெண்கள், தொலைபேசி. தண்ணீரையும் மின்சாரத்தையும் எழுதிய அதே பேனாவால் எங்களையும் எழுதிவிட்டு, கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிழையில்லை, நாங்களும் தயாராக வேண்டியவர்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"தொழிற்சாலை எங்க ஐயா?" என்று கேட்டேன்.

"வரும் பிள்ளை."

"எப்ப?"

"பழகின ஆக்கள் இருக்கினம் எண்டு கண்டவுடன வருவினம். அதுக்குத்தான் உங்களைப் பழக்கிறம்."

தொழிற்சாலை வருகிறதென்றுதான் நாங்கள் பழக வந்தோம். நாங்கள் பழகினால்தான் தொழிற்சாலை வரும். இதில் எது முதல் என்று அன்று பின்னேரம் கோச்சியில் வெள்ளவத்தை வரைக்கும் யோசித்துப் பார்த்தேன். பிடிபடவில்லை. வீட்டில் அந்தத் தாளில் இருந்ததை வரி விடாமல் அப்பாவுக்குச் சொன்னேன். அவர் பத்திரிகையைத் தாழ்த்தாமலே, "காணி, வீடு, நகை, மேல கையில காசு. வாற மாப்பிள்ளைக்குச் சீதனம் பேசியிருக்கினம். இனிப் பொம்பிளை பாக்க வருவினம்," என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது.

எங்களுக்குக் கற்பித்தவரை மிஸ் என்று கூப்பிட்டோம். களனியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் சிங்களப் பெண்மணி. கழுத்தில் கயிறு கட்டி ஒரு கடிகாரம் தொங்கும். அவர் சிங்களத்தில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். கம்பனி அனுப்பிய ஆங்கிலத் தாள்களை இரண்டு மொழியிலும் சொல்ல வேண்டும். அந்தத் தாள்களின்படி ஒரு சட்டையை நாற்பது துண்டு வேலையாகப் பிரித்திருந்தார்கள். ஆளுக்கொரு வேலை. எனக்கு அடி மடிப்பு. எனக்குப் பக்கத்து மெஷின்காரிக்குக் கொலர்.

அவள் கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவள், வேதக்காரி, அதாவது கிறிஸ்தவள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை சரிந்து விழுந்து இடுப்பு உடைந்து ஒரு வருடமாகப் படுக்கையில் இருந்தார். கீழே நான்கு தங்கைகள். எனக்கு இந்த வேலை கிடைக்காவிட்டால் மானம் போகும். அவளுக்குக் கிடைக்காவிட்டால் அடுப்பு எரியாது. அதை அவள் ஒரு நாளும் அழுது சொன்னதில்லை. என்னை "லவுட்ஸ்பீக்கர்" என்றுதான் கூப்பிடுவாள். "லவுட்ஸ்பீக்கர், மிஸ் ஏசினதைக் கொஞ்சம் மெதுவா மொழிபெயர், காது வலிக்குது," என்பாள்.

கொலர்தான் எல்லா வேலையிலும் கடினம். இரண்டு முனையும் ஒரே கூர்மையாக, ஒரு பக்கம் தூக்காமல், ஒரு பக்கம் தொங்காமல் நிற்க வேண்டும். முதல் மாதம் அவள் தைத்தவை எல்லாம் ஒரு பக்கம் சரிந்தன. மிஸ் கத்தரிக்கோலால் பிரித்து எறிவார். அவள் பொறுக்கி எடுத்து மறுபடி தைப்பாள். நான்காவது மாதத்தில் மிஸ் அவளுடைய கொலரைக் கையிலெடுத்து இரண்டு முனையையும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார். அன்று முழுவதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த மாதம் தங்கைக்குப் பள்ளிக்கூடச் சட்டை தைக்கப் போகிறேன் என்று வீட்டுக்குத் துணி வாங்கினாள். திங்கட்கிழமை வந்து மடியிலிருந்து ஒரு கொலரை எடுத்துக் காட்டினாள். சட்டை இல்லை, வெறும் கொலர்.

"மத்தது?"

"மத்தது எனக்கு எங்கடி தெரியும்? கை வைக்கிறவள் மட்டக்குளியில, பொத்தான் ஓட்டைக்காரி வத்தளையில. எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட ஏலுமா?"

வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகுதான் எனக்குள் ஒரு பயம் புகுந்தது. நாற்பது பேரும் ஓரிடத்தில் இருந்தால்தான் ஒரு சட்டை. தொழிற்சாலை வராவிட்டால் இந்தத் தொழிலை எங்கள் ஒருவராலும் தனியாக எங்கேயும் கொண்டுபோக முடியாது. ஆறு மாதம் படித்துத் தொழில் தெரிந்தவர்கள் ஆகிறோமா, தெரியாதவர்கள் ஆகிறோமா என்று குழம்பினேன். மிஸ்ஸிடம் கேட்டேன். "உனக்கு எதற்கு அந்தக் கவலை, மடிப்பைப் பார்," என்றார்.

ஆறாவது மாதம் கம்பனியிலிருந்து ஆள் வருகிறார் என்று அறிவித்தார்கள். அவர் பார்ப்பதற்கு நாற்பது வெள்ளைச் சட்டைகள் தைத்து வைக்க வேண்டும். அவர் சரியென்றால் தொழிற்சாலை. துணி வந்தது. அப்படி ஒரு துணியை நான் அதுவரை தொட்டதில்லை. நான்கு நாள் யாரும் வீண் கதை கதைக்கவில்லை. அவர் வரும் நாளுக்கு முதல் நாள் மத்தியானம் கடைசிச் சட்டைக்கும் ஸ்திரிக்கை போட்டு முடித்தோம். மடித்து அடுக்குவது என் பொறுப்பு. கொட்டாஞ்சேனைக்காரி எனக்கு உதவிக்கு நின்றாள்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் செய்த வேலை. வீட்டிலிருந்து கடதாசிச் சுருளில் கொஞ்சம் மஞ்சள் தூள் கொண்டு வந்திருந்தேன். புது உடுப்புக்கு ஒரு மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் யாரும் உடுத்ததில்லை. தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் அம்மா முதலில் செய்வது அதுதான். நாங்கள் நாற்பது பேரும் சேர்ந்து செய்த முதல் முழு உடுப்பு இது. எங்கோ கண்காணாத தேசத்தில் யாரோ ஒருவன் இதை மஞ்சள் படாமல் வெறுமையாகப் போட்டுவிடுவானே என்று எனக்கு மனம் கேட்கவில்லை. மிஸ் தேத்தண்ணி குடிக்கப் போன நேரம், மஞ்சளைத் தண்ணீரில் குழைத்து, அடி மடிப்பின் உட்பக்கத்தில், என் தையலுக்கு மேலே, கடுகளவு ஒரு பொட்டு வைத்தேன். என் சட்டை என்று நான் நினைத்த ஒன்றுக்கு மட்டும்.

"என்னடி செய்றாய்?" என்றாள் அவள்.

சொன்னேன். வேதக்காரிதானே, சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடுக்கை ஒருமுறை பார்த்தாள். "அப்ப மத்த முப்பத்தொம்பதும்? எல்லாத்துக்கும் வை. நான் சிலுவை போட்டு விடுறன்." ஒவ்வொரு சட்டைக்கும் நான் பொட்டு வைக்க, அவள் அதன்மேல் பெருவிரலால் சிலுவை வரைந்தாள். ஈரம் காயவில்லை என்பதோ, நாற்பது சட்டையின் பாரம் அதன்மேல் ஏறப்போகிறது என்பதோ எங்கள் இரண்டு பேரின் மண்டையிலும் உறைக்கவில்லை. மடித்து, அடுக்கி, மேலே பலகை வைத்துப் பாரம் ஏற்றிவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் வந்தவர் ஒரு வெள்ளைக்காரர். கூடவே கந்தோர் ஐயா. நான் மொழிபெயர்க்க முன்னால் நின்றேன். அவர் முதல் சட்டையை விரித்தார். கொலரைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பிறகு கீழே வந்தார். அடி விளிம்பில், வெளிப்பக்கத்தில், கடலைப்பருப்பு அளவில் ஒரு மஞ்சள் வட்டம். பையிலிருந்து ஒரு சிவப்பு அம்புக்குறித் துண்டை எடுத்து அதற்கு நேரே ஒட்டினார். இரண்டாவது சட்டை, அதே இடம், அதே வட்டம், இன்னொரு அம்பு. பத்தாவது சட்டைக்கு மேல் அவர் கொலரைப் பார்க்கவில்லை. நேராக அடியை விரித்து அம்பை ஒட்டினார்.

நாற்பதிலும் ஒரே இடத்தில் ஒரே கறை என்றால் அது மெஷின் எண்ணெயாகத்தான் இருக்க வேண்டும், எந்த மெஷின் ஒழுகுகிறது என்று கேளுங்கள் என்றார் என்னிடம். கேட்டேன். அடி மடிப்பு ஓடியது என் மெஷினில்தான். மிஸ் ஓடிவந்து அதன் அடியில் கையை விட்டுப் பார்த்தார். கை துப்புரவாக வந்தது. வரியில்லாமல் இறக்கிய மெஷினில் பழுதா என்று கந்தோர் ஐயாவின் முகம் கறுத்தது. வெள்ளைக்காரர் அது துருவாகவும் இருக்கலாம் என்றார். நான் அதையும் மொழிபெயர்த்தேன். உண்மை தெரிந்த வாய் பொய்யைத் திறமாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது. கொட்டாஞ்சேனைக்காரி தன் மெஷினைப் பார்த்தபடி குனிந்திருந்தாள்.

கழுவினால் போகுமா பார்ப்போம் என்று மிஸ் ஒரு கோப்பையில் தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டுவந்து ஒரு வட்டத்தின்மேல் தேய்த்தார். மஞ்சள் சவர்க்காரம் பட்டு இரத்தச் சிவப்பானது. வெள்ளைக்காரர் ஒரு அடி பின்னால் போனார். யாருக்காவது ஊசி ஏறியிருக்கிறதா என்று கேட்டார். ஆனால் அந்தக் களஞ்சியத்தில் இருந்த மற்ற எல்லோருக்கும், தமிழருக்கும் சிங்களவருக்கும், அந்த நிமிடமே விளங்கிவிட்டது. சமையல் செய்கிற கைகளுக்கு அந்தச் சிவப்புத் தெரியாதா? மிஸ் மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மே கஹ நேத?" என்றார். இது மஞ்சள்தானே.

வெள்ளைக்காரர் என்னிடம், அவர் என்ன சொல்கிறார் என்றார். மஞ்சள் என்கிறார் என்றேன். யார் வைத்தது என்று கேளுங்கள் என்றார். நான் திரும்பி, நாற்பது பேரையும் பார்த்து, தமிழில் ஒருமுறையும் சிங்களத்தில் ஒருமுறையும் யார் வைத்தது என்று கேட்டேன். பிறகு அவரிடம் திரும்பி, நான்தான் வைத்தேன் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கொட்டாஞ்சேனைக்காரி எழுந்து, "நானும்தான்" என்றாள். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

எதற்காக என்றார். நல்லது நடக்க வேண்டுமென்று என்றேன்.

யாருக்கு என்று கேட்டார்.

மனதுக்குள் ஒவ்வொருவராக எண்ணினேன். அதைப் போடப் போகிறவனுக்கா, எனக்கா, நாற்பது பேருக்கா, அரசாங்கத்துக்கா? அவர் கோபமாக இருந்தாரா, உள்ளுக்குள் சிரித்தாரா என்றும் தெரியவில்லை. குறிப்புப் புத்தகத்தில் ஏதோ எழுதினார். போகும்போது மேலே இருந்த சட்டை ஒன்றை எடுத்து, மடித்து, கையோடு கொண்டு போனார். அந்தச் சட்டை எங்களைப் பிடித்து ஆட்டியது. பிடித்ததால்தான் கொண்டு போகிறார் என்றார்கள் பாதிப் பேர். குற்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டு போகிறார் என்றார்கள் மற்றவர்கள். நான் காலையில் முதல் கட்சியிலும் மாலையில் இரண்டாவது கட்சியிலும் இருந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. மிஸ் அதை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். எதிர்பார்த்த தரம் எட்டப்படாத காரணத்தால் கம்பனி இப்போதைக்கு இங்கே தொழில் தொடங்காது. அதை இரண்டு மொழியிலும் நானே சொன்னேன். நான்கைந்து பேர் என்னோடு கதைப்பதை அன்றோடு நிறுத்திவிட்டார்கள். ஒருத்தி, "உன்ட மஞ்சளைக் கொண்டுபோய் உன்ட வீட்டுக் கறியில போட்டிருக்கலாமே," என்றாள். அவளிலும் பிழையில்லை. கொட்டாஞ்சேனைக்காரி மட்டும் பஸ் நிலையம் வரை என்னோடு கூட நடந்துவந்தாள்.

வீட்டில் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஏசுவார், சீதனக் கதையை மறுபடி எடுப்பார் என்று காத்திருந்தேன். "கதிரைக்குப் போன கிழமை ஆள் எடுத்தாச்சு," என்று மட்டும் சொன்னார். பிறகு, எதற்கென்று எனக்கு விளங்காமலே, தன் பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து, அடி பிரிந்திருக்கிறது, தைத்துத் தா என்றார். வீட்டில் மெஷின் இல்லை. கையால் தைத்துக் கொடுத்தேன். அது கோணலாகத்தான் வந்தது. அவர் அதைப் போட்டுக்கொண்டு புதுக்கடைக்குப் போனார்.

எனக்குக் கோட்டையில் ஒரு கப்பல் முகவரிடம் தற்காலிகமாகத் தட்டச்சு வேலை கிடைத்தது. சில மாதம் கழித்து ஒரு காலைக் கோச்சியில், கதவோரத்தில், கந்தோர் ஐயாவைக் கண்டேன். ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். அவரே கூப்பிட்டுச் சுகம் விசாரித்தார். அடக்க முடியாமல், "என்ட மஞ்சளாலதானே ஐயா எல்லாம் போச்சுது," என்று சொல்லிவிட்டேன்.

அவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"மஞ்சளோ? நீர் இன்னும் அதையோ யோசிச்சுக்கொண்டிருக்கிறீர்? பிள்ளை, அவை வேற ஒரு நாட்டோட ஏறக்குறையக் கதைச்சு முடிச்சுப்போட்டுத்தான் இங்க வந்தவை. அங்க பன்ரெண்டு வருஷம் வரி இல்லை, கட்டடமும் கட்டிக் குடுக்கினம். எங்கட கடிதத்தைக் காட்டி அங்க இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேக்கிறதுக்கு இங்க ஒரு நடை வந்தவை. அவ்வளவுதான்."

"கடிதத்தில தரம் எண்டு இருந்ததே?"

"ஏதாவது எழுதத்தானே வேணும்."

"அப்ப அவர் கொண்டுபோன சட்டை?"

அவருக்கு நினைவுக்கு வரச் சற்று நேரம் பிடித்தது. "அதோ? ஹோட்டலடியில இறங்கேக்க காரின்ர பின் சீற்றில விட்டிட்டுப் போயிட்டார். எங்கட டிரைவர் கேட்டான், குடுத்திட்டன். போட்டுக்கொண்டு திரியிறான்."

பம்பலப்பிட்டி வரைக்கும் எனக்கு நெஞ்சில் இருந்த கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது. கொள்ளுப்பிட்டி வரும்போது ஆத்திரம் வந்தது. கோட்டையில் இறங்கும்போது எதை நம்புவது என்றே தெரியவில்லை. கடிதம் பொய்யா? ஐயா எனக்கு ஆறுதல் சொல்லப் பொய் சொன்னாரா? முடிவெடுத்துவிட்டு வந்த மனிதர் எதற்காகப் பத்துச் சட்டையின் கொலரைப் பார்த்தார்? எதற்காக யாருக்கு என்று என்னிடம் கேட்டார்? இன்றுவரைக்கும் நான் இதில் ஒரு முடிவுக்கு வரவில்லை. கேட்ட ஒவ்வொருவரும் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள்; ஒவ்வொன்றும் கேட்கும்போது சரியாகவே பட்டது.

அன்று வேலை முடிந்ததும் நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அவள் நல்ல செய்தி கேட்கட்டும், மஞ்சளில் பழியில்லை என்று தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் போனேன். அவள் வீட்டு வாசலில் ஒரு புதுப் பெட்டி திறந்து கிடந்தது. அரபு நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போகிறாள், வியாழக்கிழமை விமானம். அதற்கும் அரசாங்கமே ஒரு பயிற்சி வகுப்பு வைத்ததாகச் சொன்னாள். துணி கழுவும் மெஷின் ஓட்டப் பழக்கினார்களாம்.

நான் ஐயா சொன்னதை எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே ஒரு பாவாடையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"அப்ப நாங்க தைச்சதை அவன் பாக்கவே இல்லையா?"

"பாத்தான்... ஆனா அதால ஒண்டும் ஆகேல்லை."

"நீ பேசாமல் மஞ்சள் எண்டே விட்டிருக்கலாம்," என்றாள். குரல் உடைந்துவிட்டது. அந்த ஆறு மாதத்தில் அவள் அழுது நான் கண்டதில்லை. "மஞ்சளாலதான் போச்சு எண்டு நினைச்சிருந்தன். மத்ததெல்லாம் சரி, கொலர் சரி, மஞ்சள் ஒண்டுதான் பிழை எண்டு. அது போதுமா இருந்திச்சு எனக்கு."

ஆறுதல் கொண்டு வந்ததாக நினைத்து அவளிடம் மிச்சமிருந்ததையும் பிடுங்கிவிட்டேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்த டிரைவர் போடுறான் எண்டாயே. கொலர் நேரா நிக்குதா?"

"நான் காணேல்லை."

"பாத்துச் சொல்லுறியா? வியாழனுக்கு முதல்."

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தட்டச்சு மெஷினை மூடிவிட்டு, கந்தோர் ஐயாவின் கட்டடத்துக்கு நடந்தேன். கார்கள் நிற்கும் இடத்தில் இரண்டு டிரைவர்மார் இருந்தார்கள். ஒருவர் காக்கி. மற்றவர் வெள்ளைச் சட்டை. செவ்வாய்க்கிழமை அது, வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள்; அன்றே அவர் அதைப் போட்டு வந்தது என் அதிர்ஷ்டம். முதலில் அடி மடிப்பைத்தான் என் கண் தேடியது. அவர் அதைக் காற்சட்டைக்குள் விட்டிருந்தார். பிறகு கிட்டப் போய், "அண்ணே, கோபிக்காதீங்க, உங்கள் சட்டையைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று சிங்களத்தில் கேட்டேன். மனிதர் திகைத்துப் போனார். இதைத் தைத்தவர்களில் நானும் ஒருத்தி என்று சொன்னதும், பரீட்சைக்கு நிற்கிறவர்போல் கையைப் பக்கத்தில் வைத்து நேரே நின்றார்.

முன்னால் பார்த்தேன். பக்கவாட்டில் போய்ப் பார்த்தேன். மிஸ் செய்வதுபோல் இரண்டு முனையையும் விரலால் தட்டலாமா என்று நினைத்தேன், கூச்சமாக இருந்தது. பல தடவை கழுவிய சட்டை, வெயிலிலும் வேர்வையிலும் கிடந்த சட்டை.

"எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன்.

"ஹரியட்டம ஹரி, நங்கி," என்றார். மிகச் சரியாக இருக்கிறதாம், தங்கச்சி.

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனை பஸ்ஸில் நிற்க இடமில்லை. அவள் வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள். நான் படியேறுவதற்குள், "நிக்குதா?" என்றாள்.

"ரெண்டு பக்கமும் நேரா நிக்குது," என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியை மூடினாள்.